வரிசையின் முதல் ஆள்

மாரிச்செல்வி நல்ல கேப்டன் என்று சொன்னவர்கள் எல்லாரும் ஒரே காரணத்தைத்தான் சொன்னார்கள்: அவள் அணியில் சண்டை நீடிக்காது. யாரையும் உட்கார வைத்து அவள் புத்தி சொன்னதில்லை. எது கிடைக்காததால் ஒருத்தியின் முகம் சுருங்குகிறது என்று பார்ப்பாள். அது தன்னிடம் இருந்தால் எடுத்துக் கொடுத்துவிடுவாள். வேனில் முன் சீட், தங்கும் கூடத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே கிடக்கும் பாய், ஆட்டத்துக்கு முன்னால் முதல் ஆளாக உட்கார்ந்து முட்டிக்குப் பட்டை ஒட்டிக்கொள்வது. இவையெல்லாம் கேப்டனுக்கென்று வழக்கமாக வந்தவை. ஒவ்வொன்றாக மற்றவர்களிடம் போய்விட்டன. அதில் அவளுக்கு நஷ்டம் எதுவும் தெரியவில்லை.

ராஜபாளையத்தை ஒட்டிய ஒரு நூற்பாலையின் பெண்கள் கூடைப்பந்து அணி அது. மாரிச்செல்வி மம்சாபுரத்தில் பிறந்தவள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிக்கூடம் படிக்கும்போது பந்து பழகினாள். வளர்த்தி ஐந்தடி நாலு அங்குலம்தான். அதனால் ஆரம்பத்திலிருந்தே கார்டு. அதாவது, பந்தைத் தட்டிக்கொண்டு முன்னேறி, கூடைக்குப் பக்கத்தில் நிற்கும் உயரமானவளின் கைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பவள். போட்டவள் பெயர் மைக்கில் வரும், சேர்த்தவள் பெயர் வராது. அவள் அதற்குப் பழகியிருந்தாள்.

மில்லில் அவளுக்குக் காலையில் டைம் ஆபீஸில் ஆட்களின் வருகையைப் பதியும் வேலை, சாயங்காலம் பயிற்சி. ஒவ்வொரு ஜூன் மாதமும் ஒரு வருடத்துக்கு ஒப்பந்தம் போடுவார்கள். முட்டி போய்விட்டால் அடுத்த ஒப்பந்தம் இல்லை. யாரும் அதை வாயால் சொன்னதில்லை, எல்லாருக்கும் தெரியும். அவளுக்கு வயது முப்பத்தொன்று. போன வருடத்திலிருந்து வலது முட்டி ஆட்டத்துக்கு மறுநாள் வீங்க ஆரம்பித்திருந்தது. கணவன் ஜெயபாண்டி ராணுவத்தில் ஹவில்தார். சில வருடங்களில் ஓய்வு பெற்று வந்துவிடுவான். வந்தபின் என்ன செய்வது என்று இரண்டு பேரும் போனில் பேசுவார்கள். பேச்சு எப்போதும் அவளுடைய முட்டியில் வந்து நிற்கும்.

அந்தக் கோடையில் ஒரு செய்தி மில்லுக்குள் பரவியது. அணியிலிருந்து ஒருத்தியை நிரந்தரம் ஆக்கப்போகிறார்கள். ஆடினாலும் ஆடாவிட்டாலும் ஓய்வு வயது வரை அந்த வேலை இருக்கும். இடம் ஒன்றுதான். மற்றவர்கள் எல்லாம் கல்லூரிப் பெண்கள், இரண்டு வருடத்தில் கல்யாணமாகிப் போகிறவர்கள். பேச்சில் இரண்டு பெயர்கள்தான் அடிபட்டன. ஒன்று மாரிச்செல்வி. இன்னொன்று அக்சா.

அக்சா ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. வயது இருபத்திரண்டு, உயரம் ஆறடி ஒரு அங்குலம். அம்மா ரோசம்மாள் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அக்சா கூடைக்கு இடது பக்கம் நின்று தோளுக்கு மேல் பந்தை வாங்கினால், அதைத் தடுக்க இந்த ஜில்லாவில் ஆள் கிடையாது. அது அவளுக்கும் தெரியும். பந்துப் பையைத் தூக்கமாட்டாள். மற்றவர்கள் குடிக்கும் கேனில் தண்ணீர் குடிக்கமாட்டாள். பயிற்சியாளர் ஞானராஜ், போலீஸ் அணியில் ஆடி ஓய்வு பெற்றவர், யாரையும் விசிலடித்துத்தான் கூப்பிடுவார். அக்சாவை மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். வேனின் முன் சீட்டும், மின்விசிறிக்குக் கீழே கிடந்த பாயும் கடைசியாகப் போய்ச் சேர்ந்தது அவளிடம்தான்.

ராஜபாளையத்தில் கோடைப் போட்டி மின்விளக்கில் நடக்கும். வெளியூர் அணிகள் வரும். லீக் ஆட்டம் ஒன்றில் கடைசி சில நொடிகள் இருக்கும்போது மில் அணி ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. பந்து மாரிச்செல்வியிடம். அக்சா இடது பக்கம் கையைத் தூக்கி நின்றாள். அவளைச் சுற்றி மூன்று பேர். வலது மூலையில் நின்ற பாண்டிசெல்வியைத் தடுக்க யாரும் இல்லை. மாரிச்செல்வி அங்கே கொடுத்தாள். பாண்டிசெல்வி போட்டாள், அணி ஜெயித்தது. எல்லாரும் கட்டிப்பிடித்துக் குதிக்க, அக்சா மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்தாள்.

மறுநாள் அரையிறுதிக்கு முந்திய பயிற்சியில் அவள் ஓடவில்லை. கம்பத்தில் சாய்ந்து நின்றாள். மாரிச்செல்வி பக்கத்தில் போனாள்.

"ஏட்டி, நேத்து ஜெயிச்சோமா இல்லையா?"

"ஜெயிச்சோம்க்கா. நான் அதையா கேக்கேன்?"

"பின்ன என்னத்த கேக்க?"

"கடைசிப் பந்து எனக்கு வரணும்லா."

"உன்ன மூணு பேர் மூடிக்கிட்டு நின்னாளுக."

"மூணு பேர் நின்னா என்ன, அம்புட்டுப் பேரும் என் தோளுக்குக் கீழதான் இருந்தாளுவ." அக்சா கம்பத்திலிருந்து முதுகை எடுத்தாள். பிறகு, "மைக்ல என்ன சொல்லுதாவ, கேட்டீங்களா? 'மாரிச்செல்வி தலைமையிலான அணி'. பாயின்ட் எல்லாம் நான் போடுதேன். தலை மட்டும் உங்களுதா?" என்றாள்.

பந்தைத் தட்டிக்கொண்டே அந்தப் பக்கம் போன பாண்டிசெல்வி, "உனக்கு இருக்கிற தலையே ஆறடிக்கு மேல கிடக்கு. இன்னும் ஒண்ணு எதுக்குட்டி?" என்றாள். அக்சா சிரிக்கவில்லை.

மாரிச்செல்வி யோசித்தாள். இவளுக்குத் தேவை என்ன? முன்னால் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அரையிறுதியிலும் இறுதி ஆட்டத்திலும் தொடங்குவதற்கு முன் இரண்டு அணிகளும் கோர்ட்டின் நடுவில் வரிசையாக நிற்கும். சிறப்பு விருந்தினர் வந்து கைகுலுக்குவார். முதலில் நிற்பவள் கேப்டன்.

"சரி, இன்னைக்கு வரிசையில நீ முன்னால நில்லு" என்றாள்.

"நானா?"

"நீதான். நான் உனக்கு அடுத்து நிக்கேன். இப்ப போய் ஓடு."

அக்சா ஓடினாள். அன்று சாயங்காலம் முதல் ஆளாக நின்று, விருந்தினருக்குக் கைகொடுத்து, மற்றவர்களை ஒவ்வொருத்தியாகப் பெயர் சொல்லி அறிமுகம் செய்தாள். இரண்டு பெயர்களை மாற்றிச் சொன்னாள். ஆனால் ஆட்டத்தில் முப்பத்துநாலு புள்ளி எடுத்தாள். எதிரணியின் பயிற்சியாளர் மூன்றாவது பகுதியிலேயே, இனி முடியாது என்று தன் நல்ல ஆட்டக்காரிகளை வெளியே எடுத்துவிட்டார்.

ஞானராஜ், "வரிசை உன் யோசனையா?" என்று கேட்டார்.

"ஒரு கைகுலுக்கல்தான சார்" என்றாள் மாரிச்செல்வி.

அவர் "ம்" என்றார்.

அந்த ஆட்டத்தைப் பார்க்க மகாராஜபுரத்திலிருந்து அவளுடைய மாமனார் மலைச்சாமி வந்திருந்தார். மாமியார் கருத்தம்மா ராஜபாளையத்து வாடகை வீட்டில் மருமகளோடும் பேத்தியோடும் இருக்கிறாள். அவர் ஊரில் வயலைப் பார்த்துக்கொண்டு, போட்டி நடந்தால் பஸ் ஏறி வந்துவிடுவார். சாப்பிட உட்கார்ந்ததும் கேட்டார்.

"ஏந்தாயி, நீ எதுக்கு ரெண்டாவது நின்ன?"

அவள் காரணத்தைச் சொன்னாள். அவர் சோற்றில் கையை வைத்தபடியே இருந்தார்.

"எங்கப்பாரு செத்த வருசம் எனக்குத் தீட்டு. குலதெய்வத்துக்கு நடக்கணுமே, ஒத்த வருசம் நீ கட்டிக்கிடுடான்னு சித்தப்பா மகன்ட்ட நாந்தான் சொன்னேன். நாந்தான். பொறவு என்னாச்சு?"

பொறவு என்ன ஆனது என்பது அந்த வீட்டுக்குக் கல்யாணமாகி வந்த முதல் மாதத்திலேயே மாரிச்செல்விக்குத் தெரியும். பங்காளிகளின் குலதெய்வக் கோயிலில் முதல் பரிவட்டம், அதாவது பூசாரி முதலில் தலையில் கட்டும் துண்டு, மலைச்சாமியின் குடும்பத்துக்கு உரியது. அடுத்த வருடம் அவர் போய் நின்றபோது, போன வருடம் கட்டியவனுக்குத்தான் இந்த வருடமும் என்றார்கள். பேச்சு தாலுகா ஆபீஸ் வரை போனது. சமாதானக் கூட்டம் வைத்தார்கள். இனி யாருக்கும் பரிவட்டம் கிடையாது, எல்லாரும் சமமாக நின்று திருநீறு வாங்கிக்கொண்டு போங்கள் என்று முடித்தார்கள். அதன் பிறகு மலைச்சாமி அந்தக் கோயிலுக்குப் போகவில்லை. ஒரு துண்டுக்காகக் குலதெய்வத்தையே ஒருவர் விட்டுவிட முடியும் என்பது மாரிச்செல்விக்கு எப்போதும் வேடிக்கையாகத்தான் இருந்தது.

"மாமா, இது பாஸ்கெட்பால்" என்றாள்.

"எல்லாம் ஒண்ணுதான். நின்னவனுக்குத்தான் நின்ன எடம்."

"உங்க துண்டுக் கதையச் சோத்துல போட்டுப் பிசையாதீக. ரசம் ஊத்தவா?" என்றாள் கருத்தம்மா.

மறுநாள் இறுதி ஆட்டம். சாயங்காலமே பெஞ்சுகள் நிறைந்துவிட்டன. கோப்பை மில்லின் பெயரில் கொடுப்பது என்பதால் பெரிய முதலாளி வந்திருந்தார். சில வருடங்களாக அவர் சென்னையில் மகன் வீட்டில் இருந்தார். விழாக்களுக்கெல்லாம் தம்பிதான் வருவார். இந்த வருடம் ஊரில் இருந்ததால் அவரே வந்து, முன் வரிசையில் மில்லின் பொது மேலாளரான ஜி.எம்.முக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

வரிசைக்கு விசில் அடித்தார்கள். மாரிச்செல்வி தலைமுடியை இறுக்கிக்கொண்டு தன் இடத்துக்குப் போனாள். அங்கே அக்சா நின்றுகொண்டிருந்தாள்.

"ஏட்டி, தள்ளு" என்றாள் மெதுவாக.

"நேத்து நான்தானக்கா நின்னேன்."

"நேத்துக்குத்தான் சொன்னேன்."

"நேத்து மட்டும்னு சொல்லலியே." அக்சாவின் குரலில் கோபம் இல்லை. சீட்டு நம்பரைச் சரிபார்க்கும் பயணியைப் போலச் சொன்னாள். "இப்பப் பின்னால போனா எல்லாரும் என்ன நினைப்பாவ? ஏதோ தப்பு பண்ணிட்டா, எறக்கிட்டாவன்னுல்லா நினைப்பாவ."

மைக்கில் பெயர் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். எதிரணி நின்றுவிட்டது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது தகராறு செய்தால் இவள் ஆட்டத்தில் இருக்கமாட்டாள் என்று மாரிச்செல்வி கணக்குப் போட்டாள். ஆட்டக்காரியாக அந்தக் கணக்கு சரி. அவள் இரண்டாவதாக நின்றாள்.

ஆட்டம் நெருக்கமாகப் போனது. முதல் பாதியில் அக்சாவுக்குப் பந்து போகும் வழியையெல்லாம் அடைத்தார்கள். இரண்டாம் பாதியில் மாரிச்செல்வி வலது பக்கம் போவதுபோல் போய், பார்க்காமலே இடது பக்கம் தோளுக்கு மேல் வீசினாள். அப்படியே மறுபடி மறுபடி வீசினாள். அக்சா வாங்கி வாங்கிப் போட்டாள். கடைசியில் ஒன்பது புள்ளியில் ஜெயித்தார்கள்.

பரிசளிப்புக்கு அணி மறுபடி வரிசையாக நின்றது. ஆட்டத்துக்கு முன் எப்படி நின்றார்களோ அப்படியேதான். வேறு மாதிரி நிற்க யாருக்கும் தோன்றவில்லை. பெரிய முதலாளி மைக்கைக் கையில் வாங்கினார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர் என்பதால் பாதிச் சொற்கள் அந்தச் சாயலில் வந்தன.

"பாக உந்தி. ரொம்ப நல்லா ஆடினீங்கம்மா. மேனேஜ்மென்ட்ல பேசிட்டோம். இன்னைக்கு எல்லார் முன்னாடியும் சொல்றேன். நம்ம கேப்டன் பொண்ணுக்கு மில்லுல பர்மனென்ட் வேலை."

கைதட்டல் அடங்குவதற்கு முன் அவர் பொன்னாடையை விரித்து, வரிசையில் முதலில் நின்றவளுக்குப் போர்த்தப் போனார். கை எட்டவில்லை. அக்சா குனிந்து கொடுத்தாள்.

நாற்காலியிலிருந்து ஜி.எம். பாதி எழுந்தார். எழுந்தவர் அப்படியே நின்று, பிறகு உட்கார்ந்தார். முடிவை முதலாளியிடம் சொன்னவர் அவர்தான். காரில் வரும்போது, "கேப்டனுக்கே குடுத்துடலாம் சார், ரொம்ப வருஷமா இருக்கிறவ" என்று சொல்லியிருந்தார். பெயரைச் சொல்லவில்லை. கேப்டன் யார் என்று எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்திருந்தார்.

பாண்டிசெல்வி மாரிச்செல்வியின் முழங்கையைப் பிடித்தாள். மாரிச்செல்வி கைதட்டிக்கொண்டுதான் இருந்தாள். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் இரண்டு தடவை தட்டினாள். கூட்டத்தில் மலைச்சாமி எழுந்து வெளியே போய்விட்டார்.

திங்கட்கிழமை ஜி.எம். அறையில் கூடினார்கள். மாரிச்செல்வி, அக்சா, அக்சாவின் அம்மா ரோசம்மாள், ஞானராஜ். ஜி.எம். பல வருடம் தாலுகா ஆபீஸ் சமாதானக் கூட்டங்களில் மில்லின் சார்பில் உட்கார்ந்தவர். மில்லுக்கு நிலம் இருக்கும் ஊர்களில் எல்லாம் ஒரு கோயில், ஒரு தகராறு உண்டு.

"நடந்தது தப்பு. யார் தப்புன்னு பேச வேண்டாம்" என்று ஆரம்பித்தார். "முதலாளி நாலாயிரம் பேர் முன்னாடி போட்ட பொன்னாடை. அதக் கழட்டுன்னு சொல்ல முடியாது. மாரிச்செல்வி, ஃபைனலுக்கு முன்னாடியே கேப்டன மாத்திட்டோம்னு நீ ஒரு வார்த்தை சொல்லிட்டா எல்லாம் சரியாப் போயிரும். அடுத்த இடம் வரும்போது உனக்குத்தான்."

"அடுத்த இடம் எப்ப சார் வரும்?"

ஜி.எம். ஞானராஜைப் பார்த்தார். ஞானராஜ் ஜன்னலைப் பார்த்தார்.

"நான் கேப்டன மாத்தல சார். வரிசையத்தான் மாத்தினேன், அதுவும் அரையிறுதிக்கு மட்டும்."

"அதுவும் அரையிறுதிக்குத்தான்னு சொல்ற. அப்ப ஃபைனல்ல ஏம்மா முன்னால நிக்கல?"

அதற்கு அவளிடம் பதில் இருந்தது. ஆட்டம் ஜெயிக்க வேண்டும் என்று நின்றேன் என்பதுதான் பதில். அந்த அறையில் அது எடுபடாது என்று தெரிந்ததால் சொல்லவில்லை.

ஜி.எம். அக்சா பக்கம் திரும்பினார். "உனக்கு இந்த வேலை வேணுமா? எட்டு மணி நேரம் டைம் ஆபீஸ்ல உக்காரணும்."

"வேலை வேணாம் சார்" என்றாள் அக்சா.

ரோசம்மாள் மகளின் தொடையைத் தட்டினாள். "ஏட்டி, வாய மூடு. சார், பிள்ளைக்கு விவரம் தெரியல. வேலை வேணும் சார்."

"எனக்கு வேணாம்மா. நான் மெட்ராஸ் போறேன்னு உனக்குத் தெரியும்ல."

"அப்ப பிரச்சினையே இல்லையே" என்று ஜி.எம். நிமிர்ந்தார். "நீ வேணாம்னு எழுதிக் குடு, மாரிச்செல்விக்குப் போட்டுடலாம்."

"எழுதமாட்டேன் சார்."

"ஏன்?"

"நான் கேட்டு வாங்கல. அவிய போட்டாவ. இப்ப நான் எழுதிக் குடுத்தா, போட்டதைப் பிடுங்கிட்டாவன்னு ஊரு சொல்லும். வேலை வேணாம், ஆனா திருப்பி வாங்கிட்டாவங்கற பேரும் வேணாம்."

ஞானராஜ் மட்டும் லேசாகச் சிரித்தார். ஜி.எம். சிரிக்கவில்லை. இந்த மாதிரிப் பேச்சு அவருக்குப் புதிதல்ல. எத்தனையோ பெரியவர்கள் வெள்ளை வேட்டியில் வந்து தாசில்தார் முன்னால் இதையேதான் பேசியிருக்கிறார்கள். அவர் கையும் வாயும் பழகிய வழியில் போயின.

"அப்ப இந்த வருஷம் யாருக்கும் கிடையாது. நான் முதலாளிட்டப் பேசிக்கிறேன். இனிமே வரிசையில ஜெர்சி நம்பர்படி நிப்பீங்க. சால்வை கிடையாது, துண்டு கிடையாது. கப் மட்டும்தான். போங்க."

வெளியே வந்ததும் ஞானராஜ் சொன்னார்: "அவசரத்துல சொல்லிட்டாரு. நம்ம டீம்ல சின்ன நம்பர் நாலு. அது உன் நம்பர்தான். இனிமே நீ நினைச்சாலும் ரெண்டாவது நிக்க முடியாது."

மாரிச்செல்விக்கு அது ஆறுதலாக இல்லை. இடம் போய்விட்டது. தீர்ப்பும், மலைச்சாமிக்குத் தாலுகா ஆபீஸ் கூட்டத்தில் சொன்ன அதே தீர்ப்பு. வீட்டுக்கு வந்து சொன்னதும் அவர், "நான் என்ன சொன்னேன்?" என்று கேட்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் கேட்கவில்லை. ஊருக்குக் கிளம்பும்போது, "தாலுகா ஆபீஸ்ல எங்களுக்கு டீயாவது குடுத்தாக" என்று மட்டும் சொன்னார்.

ஜூன் வந்தது. ஒரு வருட ஒப்பந்தத்தை மாரிச்செல்வியின் முன் வைத்தார்கள். எப்போதும் கேன்டீன் மேசையில் வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ வாங்கப் போய்விடுவாள். இந்தத் தடவை இரண்டு நாள் தரச் சொன்னாள். எதற்கு என்று அவளுக்கே தெளிவாகத் தெரியவில்லை. முட்டி வீக்கம் வற்றட்டும் என்று நினைத்திருக்கலாம்.

இரண்டாவது நாள் அக்சாவின் போன் வந்தது. அவள் சென்னைக்குப் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. அங்கே ஒரு பெரிய கிளப் மூன்று வருட ஒப்பந்தம் தருவதாகச் சொல்லியிருந்தது.

"அக்கா, எங்க கிளப்புலேர்ந்து ஒரு ஆள் பேசுவாவ. சரின்னு சொல்லுங்க."

"எதுக்குச் சரின்னு சொல்ல?"

"நீங்க இங்க வாரதுக்கு. இங்க இருக்கிற கார்டு பந்தை மூக்குக்கு நேரா வீசுதாக்கா. எனக்கு எடது தோளுக்கு மேல வேணும்லா. சொன்னா, 'ஓடி வந்து பிடி'ங்கா. நான் ஏன் ஓடணும்?"

"அதான, நீ ஏன் ஓடணும்."

"கிண்டல் பண்ணாதீங்க. அந்த அக்கா வந்தாத்தான் கையெழுத்துப் போடுவேன்னு சொல்லிட்டேன்."

மாரிச்செல்வி போனை மறு காதுக்கு மாற்றினாள். "எனக்காகவா சொன்ன?"

"எனக்காக" என்றாள் அக்சா. அதில் சந்தேகம் எதற்கு என்பதுபோல் இருந்தது அவள் குரல். பொன்னாடை பற்றியோ வேலை பற்றியோ அவள் எதுவும் பேசவில்லை. மாரிச்செல்வியும் பேசவில்லை.

கிளப்பிலிருந்து பேசினார்கள். ஒரு வருடம், தங்கும் இடம், மில் தருவதைவிட நல்ல சம்பளம். ஒரு வருடத்துக்குப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். பார்க்கலாம் என்றால் முட்டியைப் பார்க்கலாம் என்று அர்த்தம். ஜெயபாண்டியிடம் சொன்னபோது, "போறதுன்னா போ, அம்மாவும் பிள்ளையும் என்ன செய்வாங்கன்னு மட்டும் யோசி" என்றான். அவள் யோசித்தது வேறு. மறுநாள் காலை ஜி.எம். அறைக்குப் போய், வேறு அணிக்கு ஆட மில்லின் ஒப்புதல் வேண்டும் என்று கேட்டாள். இதுவரை அந்த அறையில் அவள் தனக்கென்று எதையும் கேட்டதில்லை.

"எங்க போற?"

"மெட்ராஸ் கிளப் சார். அக்சா இருக்கிற கிளப்."

"உன்னையா கேட்டாங்க?" என்றவர், அந்தக் கேள்வி நன்றாக இல்லை என்று தோன்றியதாலோ என்னவோ, பேனாவை எடுத்து மூடியைத் திறந்து மறுபடி மூடினார். அக்சா போனதிலேயே பாதி அணி போய்விட்டது. புதிதாக இரண்டு உயரமான பெண்களை எடுத்திருந்தார்கள். அவர்கள் கைக்குப் பந்தைக் கொண்டுசேர்க்க ஆள் வேண்டும். அதை ஞானராஜ் அவரிடம் போன வாரம்தான் சொல்லியிருந்தார். "நாளைக்கு வா" என்றார் ஜி.எம்.

மறுநாள் அவள் போனபோது ஜி.எம். டீ குடித்துக்கொண்டிருந்தார். ஒரு கையில் டம்ளர். இன்னொரு கையால் மேசையிலிருந்த உறையை அவள் பக்கம் தள்ளினார்.

"பர்மனென்ட். டைம் ஆபீஸ். முடியிற வரைக்கும் ஆடு. முடியலேன்னா சொல்லு, வேலையப் பாரு."

அவள் உறையைத் திறக்காமல் கேட்டாள். "முதலாளிக்குத் தெரியுமா சார்?"

"தெரியும். பேரைச் சொல்லித்தான் கேட்டேன்" என்றார். டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "கேப்டன்னு சொல்லல" என்றார்.

அன்று மத்தியானம் அவள் அக்சாவுக்கு போன் செய்து, வரவில்லை என்று சொன்னாள். அந்தப் பக்கம் பந்து தட்டும் சத்தம் கேட்டது.

"அப்ப நான் அந்த மூக்குப் பாஸையே பிடிக்கணுமா?"

"ரெண்டு அடி ஓடு."

"ம்."

"நான் வரலைன்னா கையெழுத்துப் போடமாட்டேன்னியே. இப்ப என்ன செய்வ?"

"அது அன்னைக்கே போட்டுட்டேன்க்கா" என்றாள் அக்சா. "உங்களக் கூப்பிடணும்னு சொன்னதும் அவிய உடனே சரின்னுட்டாவ. பொறவு போடாம இருந்தா நல்லாவா இருக்கும்?"

அவளிடமிருந்து மாரிச்செல்வி கேட்டதில் மன்னிப்புக்கு நெருக்கமான வாக்கியம் அதுதான். அது மன்னிப்பு இல்லை என்றும் அவளுக்குத் தெரிந்தது.

அந்த வாரக் கடைசியில் மலைச்சாமி வந்தார். வேலை நிரந்தரமான விஷயத்தைக் கருத்தம்மா ஏற்கெனவே போனில் சொல்லியிருந்தாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"குடுத்தாகளாமே."

"ஆமா மாமா."

"யாரு முன்னால குடுத்தாக?"

"யாருமில்ல. ஜி.எம். மட்டும் இருந்தாரு."

"மைக்கு?"

"ரூமுக்குள்ள எதுக்கு மாமா மைக்கு."

"சால்வை?"

"அதான் நிப்பாட்டிட்டாகல்ல."

அவர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "எந்திரிச்சு நின்னு குடுத்தாரா?"

"உக்காந்துதான். டீ குடிச்சிக்கிட்டிருந்தாரு."

"டம்ளரக் கீழ வச்சிட்டுக் குடுத்தாரா, கையில வச்சிக்கிட்டேயா?"

"கையில வச்சிக்கிட்டேதான்."

மலைச்சாமி தலையை ஆட்டினார். "அப்ப அது கணக்குல சேராது" என்றார்.

கருத்தம்மா அடுப்படியிலிருந்து டிபன் டப்பாவைக் கொண்டுவந்து மருமகள் கையில் கொடுத்தாள். "மாசாமாசம் சம்பளம் வந்தா அது சேரும். நீ கெளம்பு தாயி, நேரமாச்சு."

மாரிச்செல்வி முட்டிப் பட்டையைப் பைக்குள் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தாள். சாயங்காலம் பயிற்சி இருந்தது. புதிதாக வந்த இரண்டு பெண்களில் உயரமானவள் முதல் நாளே ஞானராஜிடம், தனக்குப் பந்து எந்தப் பக்கம் வர வேண்டும் என்று சொல்லியிருந்தாள். வேனில் முன் சீட்டில் உட்காரலாமா என்றும் கேட்டிருந்தாள். அதை மட்டும் கேப்டனிடம் கேட்டுக்கொள்ளும்படி ஞானராஜ் சொல்லி அனுப்பியிருந்தார்.